சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகினால் ஆபரேஷன் தேவையா?

தண்டையார்பேட்டையில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 56 வயது, பத்து வருடச் சர்க்கரை, எட்டு மாதமாகக் கை தூக்க முடியவில்லை, ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்யலாம், ஆனால் அதுதான் கடைசி வழி. தோள்மூட்டைச் சுற்றியிருக்கும் பை போன்ற சவ்வு தடித்துச் சுருங்கிப்போவதுதான் இந்த நோய். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும், ஆறவும் நாளாகும். ஆறு மாதமாவது ஒழுங்காகப் பிசியோதெரபி செய்து, ஸ்டீராய்டு ஊசியும் போட்டுப் பார்த்து (ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும், கவனம்) அப்புறமும் அடிபம்பு அடிக்கவோ முதுகுப் பக்கம் உடையின் கொக்கி மாட்டவோ முடியவில்லை என்றால் யோசிக்கலாம்.

இரண்டு முறை உண்டு. ஒன்று, மயக்கம் கொடுத்துக் கையை மெதுவாக அசைத்து இறுக்கத்தை விடுவிப்பது. எலும்பு வலுவிழந்தவர்களுக்கு அதில் எலும்பு முறியும் அபாயம் இருக்கிறது. இன்னொன்று ஆர்த்ரோஸ்கோப்பி, சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் சவ்வை வெட்டி விடுவது. எந்த இடத்தை வெட்டுகிறோம் என்று கண்ணால் பார்த்துச் செய்வதால் எனக்கு இதுதான் மேல் என்று படுகிறது.

முன்னதாக மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் புண்ணில் சீழ் பிடிக்கலாம். ஆபரேஷன் முடிந்த அன்றோ மறுநாளோ பயிற்சி தொடங்கிவிடும். வலிக்கிறது என்று அம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தோள் மறுபடி இறுகிவிடும், தயவுசெய்து பயிற்சியை விடாதீர்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் எலும்பு மூட்டுப் பிரிவு இருக்கிறது, பழைய ரிப்போர்ட்டுகளோடு போய் முதலில் காட்டுங்கள்.