ஆய்வுக் கட்டுரையில் ஆங்கிலப் பெயரடைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 'பிக்', 'குட்' போன்ற எளிய பெயரடைகளை ஆய்வுக் கட்டுரையில் எழுதலாமா?

பதில்: தவிர்ப்பது நல்லது. 'பிக்' இருக்குமிடத்தில் 'லார்ஜ்' அல்லது 'சப்ஸ்டான்ஷியல்' வரலாம். 'குட்' என்பதற்கு மட்டும் ஒரே மாற்றுச்சொல் கிடைக்காது. எந்த வகையில் நல்லது என்று பாருங்கள். அளவீடு என்றால் 'அக்யூரேட்', முறை என்றால் 'ரிலையபிள்', வாதம் என்றால் 'கன்வின்சிங்'. கையில் எண் இருந்தால் பெயரடையே வேண்டாம், எண்ணை எழுதுங்கள்.

கேள்வி: 'வெரி யுனீக்' என்று எழுதியதை என் நெறியாளர் அடித்துவிட்டார். ஏன்?

பதில்: 'யுனீக்' என்றால் ஒன்றே ஒன்று; அதில் கூடுதல் குறைவு கிடையாது. நெறியாளர் செய்தது சரி.

கேள்வி: என் ஆய்வில் இரு குழுக்களுக்கிடையே 'சிக்னிஃபிகன்ட்' வேறுபாடு தெரிகிறது. இன்னும் வலுவான சொல் உண்டா?

பதில்: எத்தனை பேரிடம் அளந்தீர்கள், எந்தப் புள்ளியியல் சோதனையைச் செய்தீர்கள் என்ற இரண்டையும் குறிப்பிடாமல் வலுவான சொல்லைக் கேட்கிறீர்கள். எனக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளில் மிகுதியாகப் பாழ்படும் சொல் இதுதான். பேச்சில் இதற்கு 'முக்கியமான' என்றோ 'கணிசமான' என்றோ பொருள் இருக்கலாம், புள்ளியியலில் அப்படியல்ல. உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், கிடைத்த அளவோ அதற்கு மேலோ வேறுபாடு தற்செயலாகத் தென்படும் வாய்ப்பு ஏறத்தாழ 20-இல் 1-க்கும் குறைவு என்பதே அங்கு வழக்கமான பொருள். 1925-இல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் தம் நூலில் எடுத்துக்கொண்ட அந்த எல்லையே இன்றும் புழங்குகிறது. குழுவுக்கு 10,000 பேரிடம் இரத்த அழுத்தத்தை அளந்தால் 1 மில்லிமீட்டர் வேறுபாடுகூட இந்தச் சோதனையில் தேறிவிடும், ஆனால் மருத்துவருக்கு அதனால் பயனில்லை. குழுவுக்கு 10 பேர்தான் என்றால் 10 மில்லிமீட்டர் வேறுபாடும் தேறாமல் போகலாம். ஆகவே இச்சொல் அளவைக் குறிப்பதில்லை. 2019-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு கருத்துரையில் 800-க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் ஒப்பமிட்டு, 'புள்ளியியல் சிக்னிஃபிகன்ஸ்' என்ற கருத்தையே கைவிடக் கோரினார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. சோதனை செய்திருந்தால் மட்டும் எழுதுங்கள். செய்யாதபோது 'கன்சிடரபிள்' போதும். மறுபடியும் சொல்கிறேன், எண் இருந்தால் எண்ணை எழுதுங்கள்.

கேள்வி: 'ஹிஸ்டாரிக்', 'ஹிஸ்டாரிகல்' இரண்டும் ஒன்றுதானே?

பதில்: அல்ல. வரலாற்றில் நிலைக்கத்தக்கது முன்னது, வரலாறு சார்ந்தது பின்னது. 'எகனாமிக்' பொருளாதாரம் பற்றியது, 'எகனாமிகல்' சிக்கனமானது. கடிதம் எழுதுமுன் அகராதியைப் புரட்டியிருக்கலாம்.

கேள்வி: ஆய்வுச் சுருக்கத்தில் 'நாவல்', 'ரோபஸ்ட்', 'இன்னொவேட்டிவ்' ஆகியவற்றைச் சேர்த்தால் மதிப்பு கூடுமா?

பதில்: கூடாது. 'பப்மெட்' என்ற மருத்துவ ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தின் சுருக்கங்களை ஆராய்ந்து 2015-இல் வெளிவந்த ஆய்வின்படி, இத்தகைய புகழ்ச்சொற்கள் உள்ள சுருக்கங்கள் 1970-களில் 100-க்கு 2 என்றிருந்து, 2014-இல் 17-ஐத் தாண்டிவிட்டன. இத்தனை பேர் சொல்லும் புதுமையில் மதிப்பீட்டாளரின் கண் நிற்பதில்லை. இதற்கு முன் அளக்கப்படாத எதை அளந்தீர்கள் என்று நேராக எழுதுங்கள்.

கேள்வி: ஒரே பெயரடை திரும்பத் திரும்ப வராமலிருக்க, ஒத்தசொல் அகராதியைப் பார்த்து மாற்றுகிறேன். சரியா?

பதில்: கலைச்சொல்லாக நிற்கும் பெயரடையை மாற்றவே கூடாது. முதற்பக்கத்தில் 'குரோனிக்' என்று குறித்த வலியை நான்காம் பக்கத்தில் 'பெர்சிஸ்டன்ட்' என்றால், படிப்பவர் அதை வேறொரு வலி என்றே எடுத்துக்கொள்வார்.