வாசகர் கேள்வி: கிதியோனும் மீதியானியரும்

கேள்வி: பைபிளில் வரும் இஸ்ரவேல் தலைவர் கிதியோன் கோதுமையைக் களத்தில் அடிக்காமல் திராட்சை ஆலையில் அடித்தது ஏன்? வெறும் 300 பேர் எப்படி வென்றார்கள்?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: சூடடிக்கும் களம் காற்றோட்டமான மேட்டில்தான் இருக்கும். மாடு மிதித்து, தூற்றும்போது எழும் பதர்ப்புழுதி தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். மீதியானியர் என்ற எதிரி இனத்தார் 7 வருடமாக ஒட்டகங்களோடு வந்து, இஸ்ரவேலரின் விளைச்சலையும் ஆடுமாட்டையும் அள்ளிப்போனவர்கள். திராட்சை ஆலை என்பது பழத்தை மிதித்துச் சாறெடுக்கப் பாறையில் குடைந்த பள்ளம். கோதுமை அறுவடைக் காலத்தில் அது சும்மாதான் கிடக்கும், அங்கே யாரும் தேடமாட்டார்கள். ஆனால் அதற்குள் மாடு கட்ட இடமில்லை. தடியால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடிக்கலாம், தூற்றக் காற்றும் வராது. படுவான்கரையில் பொலி தூற்றியவர்களுக்கு இந்தக் கஷ்டம் விளங்கும்.

மனாசே கோத்திரத்துக் கிதியோனிடம் வந்த 32,000 பேரில், பயந்த 22,000 பேர் திரும்பினார்கள். மிச்சம் 10,000 பேரில், தண்ணீரைக் கையால் அள்ளி நக்கிக் குடித்த 300 பேரே தேறினார்கள். நூறு நூறாக மூன்று படை. நடுச்சாமக் காவல் மாறிய கையோடு, அதாவது இரவு பத்து மணியளவில், பாளையத்தைச் சூழ்ந்தார்கள். தீவட்டியின் வெளிச்சத்தைப் பானை மறைத்தது. பானையை உடைத்ததும் இடக்கையில் தீவட்டி, வலக்கையில் எக்காளம். வாள் பிடிக்கக் கையே இல்லை! தூக்கக் கலக்கத்தில் எதிரிகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். ஓடியவர்களை மறிக்க எப்பிராயீமர் என்ற இன்னொரு இஸ்ரவேல் கோத்திரத்தார் யோர்தான் ஆற்றுத் துறைகளைப் பிடித்தார்கள். பிறகு 40 வருடம் தேசம் அமைதியாயிருந்தது. (நியாயாதிபதிகள் 6–8)