ஏலக்காயும் போச்சு, பணமும் போச்சு: கடைக்காரர்கள் கேட்ட மூன்று கேள்விகள்

கேள்வி: குமுளியில் சின்னதாக மசாலாக் கடை வைத்திருக்கிறோம். தேக்கடி பார்க்க வந்தவர்கள் ஊருக்குப் போனபிறகு வாட்ஸ்அப்பில் கேட்பார்கள், லிங்க் அனுப்பிப் பணம் வாங்கிக்கொண்டு பார்சல் போடுவேன். துபாயிலிருந்து பேசுவதாக ஒருவர், கோட்டயத்தில் இருக்கும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எட்டு மில்லிமீட்டர் அளவு ஏலக்காய் நாலு கிலோ கேட்டார். கார்டில் கட்டினார், பணம் எங்கள் அக்கவுண்டுக்கே வந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து, கார்டுக்குச் சொந்தக்காரர் தான் வாங்கவே இல்லை என்கிறார் என்று கேட்வே கம்பெனி (ஆன்லைனில் கார்டுப் பணத்தை வாங்கி நமக்குத் தரும் நிறுவனம்) அதை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டது. எங்களுக்கு வந்த பணத்தை அவர்கள் இப்படித் திருப்பி எடுக்க முடியுமா?
- ஒரு வாசகி, குமுளி

பதில்: முடியும் அக்கா. இதற்குச் சார்ஜ்பேக் என்று பெயர். கார்டு வைத்திருப்பவர் தன் வங்கியிடம் புகார் கொடுத்தால் வங்கி கேட்வேயைக் கேட்கும், கேட்வே உங்களைக் கேட்கும், சில நாளைக்குள் நீங்கள் ஆதாரத்தோடு பதில் சொல்லாவிட்டால் தோற்றதாகவே கணக்கு. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பெரும்பாலான புகார்களுக்கு 120 நாள் வரை நேரம் உண்டு, அதனால் இரண்டு மாதம் என்பது அவர்கள் கணக்கில் தாமதமே இல்லை. முதலில் உங்கள் மெயிலில் ஸ்பாம் பெட்டியைத் திறந்து பாருங்கள். பணத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக் கடிதம் வந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு முந்திரி வியாபாரிக்கு அது விளம்பர மெயில்களுக்கு நடுவில் ஒன்பது நாள் கிடந்தது, பதில் சொல்ல இருந்த தவணை ஏழு நாள்.

அடுத்து, என்ன காரணம் சொல்லிப் பணத்தைத் திருப்பினார்கள் என்று கேளுங்கள், எல்லாமே அதில்தான் இருக்கிறது. 'பொருள் வரவில்லை' என்றால் பார்சல் சேர்ந்ததற்கான ரசீதே போதும். 'சொன்ன மாதிரி இல்லை' என்றால், காயைச் சல்லடையில் போட்டு அளவு காட்டி, தராசில் எடை காட்டி, அதே மூச்சில் பார்சல் ஒட்டி முகவரி எழுதிய வீடியோ இருந்தால் பேசலாம். உங்களுக்கு வந்ததோ மூன்றாவது ரகம், 'நான் வாங்கவே இல்லை'. கார்டு திருட்டுக் கார்டாக இருந்தால் இதற்கு டெலிவரி ரசீது உதவாது, ஏனென்றால் ஏலக்காய் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது, திருடன் வீட்டுக்கு!

நம் ஊர்க் கார்டு என்றால் ஆன்லைனில் கட்ட ஓடிபி மாதிரி இன்னொரு சரிபார்ப்பு வேண்டும், 2009-லிருந்தே ரிசர்வ் வங்கியின் கட்டாயம் அது. வெளிநாட்டு வங்கி கொடுத்த கார்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, நம்பரும் பின்னால் இருக்கும் மூன்று எண்ணும் இருந்தால் பல சமயம் பணம் போய்விடும். ஓடிபி கேட்டு நடந்த பரிவர்த்தனையில் திருட்டு என்று புகார் வந்தால் நஷ்டம் பொதுவாகக் கார்டு கொடுத்த வங்கியின் தலையில் விழும், கேட்காமல் நடந்திருந்தால் விற்றவர் தலையில். ஆகவே கேட்வேயிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், இந்தப் பரிவர்த்தனையில் ஓடிபி மாதிரி கேட்கும் '3டி செக்யூர்' சரிபார்ப்பு நடந்ததா? நடந்திருந்தால் அதைச் சொல்லி எழுத்தில் மறுப்புக் கொடுங்கள். நடக்கவில்லை என்றால், சொல்வதற்கே வருத்தமாக இருக்கிறது, பணம் திரும்புவது கஷ்டம். போலீஸில் புகார் மட்டும் கொடுத்து வையுங்கள், கோட்டயம் முகவரியும் போன் நம்பரும் உங்களிடம் இருக்கிறதே.

இதில் உங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கார்டு ஒரு நாட்டில், பார்சல் இன்னொரு நாட்டில் என்றால் வேறு ஊர்க்காரர் உடனே சந்தேகப்படுவார். குமுளியில் அது அன்றாட வியாபாரம். வளைகுடாவில் இருக்கும் மகன் அம்மாவுக்கு ஏலக்காய் அனுப்பச் சொல்வது புதிதா என்ன? ஏமாற்றுக்காரன் நுழைவதும் அந்த வழியில்தான். அதற்காக வளைகுடா வாடிக்கையை விட்டுவிட வேண்டாம், பணம் வரும் பாதையை மாற்றுங்கள். ஐக்கிய அரபு அமீரகம், ஓமன், கத்தார், சவுதி எண்களிலேயே என்ஆர்ஐ அக்கவுண்டை இணைத்து யுபிஐ போடும் வசதி 2023-லேயே வந்துவிட்டது. உண்மையான மகனுக்கு அதில் சிரமம் இருக்காது. கேட்வேயில் வெளிநாட்டுக் கார்டை அடைத்து வைக்கவும் முடியும்.

அப்புறம், "தப்பாக அதிகம் கட்டிவிட்டேன், மீதியை ஜிபேயில் போடுங்கள்" என்று யாராவது கேட்டால் கையை எடுத்துவிடுங்கள். கார்டில் வந்தது கார்டுக்கே போகட்டும், கேட்வேயில் ரீபண்ட் பொத்தான் இருக்கிறது. ஜிபேயில் நீங்கள் அனுப்பிய பிறகு கார்டிலும் சார்ஜ்பேக் வந்தால் ஒரே பணத்தை இரண்டு தரம் கொடுத்தவர் ஆவீர்கள்.

கேள்வி: செங்கோட்டையில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறேன். ராணுவ கேண்டீனுக்கு 40 கிலோ வேண்டும் என்று போன். முன்பணம் வர ஒரு க்யூஆர் அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொன்னார்கள், பண்ணினேன், என் பணம் போய்விட்டது. மூன்று நாளைக்குள் சொன்னால் வங்கி முழுசாகத் திருப்பித் தரும் என்கிறார்களே?
- ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: அந்த மூன்று வேலை நாள் விதி ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்தது, உங்களுக்குத் தெரியாமல் வேறு யாரோ எடுத்த பணத்துக்கானது. உங்கள் பின் நம்பரை நீங்களே போட்டிருக்கிறீர்கள் தம்பி, அதனால் வங்கி கை விரிக்கத்தான் பார்க்கும். பணம் வாங்க பின் நம்பர் எதற்கு? ஸ்கேன் பண்ணுவதும் பின் போடுவதும் கொடுப்பதற்கு மட்டும்தான். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு இன்னும் போன் பண்ணவில்லை என்றால் படிப்பதை நிறுத்திவிட்டுப் பண்ணுங்கள், அவன் அடுத்த அக்கவுண்டுக்கு மாற்றுவதற்குள் சொன்னால் நடுவில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் பரோட்டாக் கடை. யாரோ சாப்பிட்டுவிட்டுப் பார்சலும் வாங்கி 2,300 ரூபாய் ஜிபே பண்ணியிருக்கிறார். அது மோசடிப் பணமாம், வடக்கே ஏதோ ஊர் போலீஸ் சொன்னதாக என் அக்கவுண்டை மொத்தமாக பிரீஸ் பண்ணிவிட்டார்கள். உள்ளே இருப்பது ஒரு லட்சத்துக்கு மேல், மாவுக்காரருக்குக்கூடக் கொடுக்க முடியவில்லை.
- ஒரு வாசகர், பாலக்காடு மாவட்டம்

பதில்: யாரோ ஒருவர் 1930-இல் புகார் சொன்னால் அவருடைய பணம் எந்தெந்த அக்கவுண்டு வழியாகப் போனதோ அத்தனையும் வரிசையாக அகப்படும், கடைசியில் பரோட்டா விற்றவரும். கேரளாவில் இப்படி மாட்டிய சின்னக் கடைக்காரர்கள் நிறைய. வழக்கும் போட்டார்கள். சந்தேகத்துக்குரியது எவ்வளவோ அந்தத் தொகையை மட்டும் வங்கி பிடித்து வைக்கட்டும், மீதியை ஏன் முடக்க வேண்டும் என்கிற வழியில் 2023 அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. உங்கள் கணக்கில் அது 2,300 ரூபாய்.

கிளைக்குப் போய் வாயால் சண்டை போடாமல் எழுதிக் கொடுங்கள்: எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, எவ்வளவு தொகை, அதைத் தவிர மீதியை விடுவிக்கவும். சீல் வைத்த நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் போடலாம், ஆன்லைனிலேயே, செலவில்லாமல், ஆனால் போலீஸ் உத்தரவின்படி வங்கி செய்த முடக்கம் என்றால் அவர் எடுத்துக்கொள்ளாமல் போகலாம். பத்தாயிரம் கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்று இடையில் ஒரு ஆள் வருவான், அவனுக்கு டீ கூட வாங்கிக் கொடுக்காதீர்கள். அடுத்த மாதத்திலிருந்து கடைப் பணம் வரும் அக்கவுண்டு வேறு, வீட்டுப் பணம் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காவல் நிலையத்துக்கும் மெயிலில் விளக்கம் போக வேண்டும், கடை லைசென்ஸ், அன்றைய ஸ்டேட்மென்ட் இரண்டையும் சேர்த்து. பில் புத்தகம் இல்லை என்று நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருப்பதையும் பார்த்தேன். சரி, ஒரு வெள்ளைத் தாளில் அந்தத் தேதி, நேரம், எத்தனை பரோட்டா, என்ன குழம்பு, எத்தனை பார்சல் என்று நினைவில் இருப்பதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 2,300 ரூபாய்க்குச் சாப்பிட்ட ஆளைக் கல்லாவில் இருந்தவர் மறந்திருக்க மாட்டார்.