பிள்ளையை வெளியே அழைக்காமல் வகுப்புக்குள் போய்ப் பாருங்கள்

கொழும்பு அரச பாடசாலை ஒன்றுக்கு வாரத்தில் ஒரு நாள் எழுதுவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளராகப் போவதாகவும், மெதுவாக எழுதும் தரம் 3 மாணவனை வகுப்பிலிருந்து அழைத்தால் ஆசிரியை முகம் சுளிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். புலமைப்பரிசில் பரீட்சை தரம் 5இல் என்றாலும் பேச்சு இப்போதே தொடங்கிவிடுகிறது. தவறிய பாடத்துக்குப் பெற்றோர் அவரிடம்தான் கணக்குக் கேட்பார்கள்.

நீங்களே கடைசி வாங்கில் போய் உட்காருங்கள். அவன் எழுதும்போது கால் தரையில் படுகிறதா? மேசை முழங்கையைவிட மிக உயரமா? கால் தொங்கினால் உடம்பு நிலைகொள்ளாது. அந்தத் தள்ளாட்டத்தை விரல்கள் பென்சிலை இறுக்கிச் சமாளிக்கப் பார்க்கும். கொப்பியின் மறுபக்கத்தைத் தடவிப் பாருங்கள், அழுத்தம் கையில் தட்டுப்படும். காலுக்கடியில் ஒரு மரக்கட்டை, குட்டைப் பென்சில், சற்றுச் சாய்த்து வைத்த கொப்பி: முதலில் இவை போதும். தினமும் கரும்பலகையில் திகதி எழுதும் வேலையை அவனிடமே கொடுக்கச் சொல்லுங்கள். தோளும் மணிக்கட்டும் பழகும். பென்சிலில் மாட்டும் ரப்பர் பிடிகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை, பிள்ளைகள் கடித்துத் துப்பிவிடுகிறார்கள்.

ஆசிரியைக்கு நீண்ட அறிக்கை வேண்டாம், அரைப் பக்கத்துக்கு மேல் படிக்க அவருக்கு நேரமிருக்காது. ஒரு தவணைக்குள் மாற்றம் தெரியாவிட்டால், பெற்றோரோடு பேசி, பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் காட்டச் சொல்லுங்கள்.