நிலக்கரியிலிருந்து டீசல் எடுக்கும் கம்பெனி: பங்கு வாங்கியவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் கொஞ்ச காலமாக ஒரு வெளிநாட்டுச் சின்ன கம்பெனியின் பங்கைப் பற்றித்தான் பேச்சு. நிலக்கரியைத் திரவ எரிபொருளாக்கப் போகிறோம் என்கிறார்கள், பங்கு சில சென்ட்டுக்குக் கிடைக்கிறது, நம்மவர்கள் சிலர் வாங்கியும் விட்டார்கள். நிலக்கரியை வாயுவாக்கும் ஆலையில் வேலை பார்த்தவன், பங்குச் சந்தையையும் கவனிக்கிறவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்தன. கம்பெனி பெயரை எடுத்துவிட்டேன், இந்த வகைக் கம்பெனி எதுவானாலும் பதில் பெரிதாக மாறாது.

கட்டபெட்டு, தேயிலை விவசாயி: சார், கல்லில் நார் உரிக்கிற கதையாக இருக்கிறதே, நிலக்கரியிலிருந்து நிஜமாகவே டீசல் வருமா?

வரும், அதில் சந்தேகமே வேண்டாம். ஜெர்மனியில் ஃபிஷர், டிராப்ஷ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1925-லேயே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். நிலக்கரியை நீராவியும் ஆக்சிஜனும் சேர்த்துச் சூடாக்கினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு கிடைக்கும், அதிலிருந்து கந்தகத்தை நீக்கிவிட்டு இரும்பு அல்லது கோபால்ட் வினையூக்கியின் மேல் ஓட்டினால் மெழுகும் எண்ணெயுமாக இறங்கும். ஒரு டன் நல்ல நிலக்கரிக்கு ஒன்றரை முதல் இரண்டு பீப்பாய் வரை எதிர்பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவின் சசோல் 1955 முதல் இதைச் செய்து விற்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது என்ன செலவில் வரும், யார் பணத்தில் வரும் என்பதைத்தான்.

குன்னூர், டீ ஃபேக்டரி கணக்கர்: அவ்வளவு பழைய தொழில்நுட்பம் என்றால் ஏன் ஊருக்கு ஊர் ஆலை இல்லை?

கட்டுகிற செலவுதான் காரணம். ஒரு நாளைக்கு ஒரு பீப்பாய் திறனுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 20,000 பீப்பாய் ஆலைக்கு 200 கோடி டாலர் ஆகிறது. கட்டி முடிக்க ஐந்தாறு வருடம். அதற்குள் கச்சா எண்ணெய் விலை எங்கே போகும் என்று யாரால் சொல்ல முடியும்? 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது, அதே டிசம்பரில் 40-க்குக் கீழே. 2014 நடுவில் 110-க்கு மேல் இருந்தது 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே போனது. நாம் எவ்வளவு நல்ல கொழுந்தாகப் பறித்தாலும் இலைக்கு விலை குன்னூர் ஏலத்தைப் பார்த்துத்தானே வருகிறது, அதே கதைதான் இவர்களுக்கும், டீசல் விலை இவர்கள் கையில் இல்லை. அதனால்தான் இதைப் பெரிய அளவில் செய்தவர்கள் எல்லாம் லாபத்தை முதலில் பார்க்காத அரசுகள்: போர்க்கால ஜெர்மனி, எண்ணெய்த் தடைக்குப் பயந்த நிறவெறிக் கால தென்னாப்பிரிக்கா, இப்போது சீனா. 2016-இல் நிங்சியாவில் ஆண்டுக்கு 40 லட்சம் டன் ஆலையைத் திறந்ததும் சீனாவின் அரசு நிறுவனம்தான்.

கோத்தகிரி, மொபைல் கடை வைத்திருப்பவர்: அண்ணா, மாதம் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் அறிவிக்கிறார்கள், உடனே விலை ஏறுகிறது. எங்கள் வட்டத்தில் யாராவது சந்தேகம் கேட்டால் "உனக்குப் பொறுமை இல்லை" என்று வாயை அடைக்கிறார்கள். அறிவிப்பு நல்லதுதானே?

புரிந்துணர்வு ஒப்பந்தம் பெரும்பாலும் யாரையும் கட்டுப்படுத்தாது தம்பி. இரண்டு பேர் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். விலை ஏறுவதற்கு அது போதும், ஆலை எழும்ப போதாது. நான் தேடுவது வேறு: நிலக்கரிச் சுரங்கம் சொந்தமா, இல்லை நீண்டகால ஒப்பந்தமா, தண்ணீருக்கு அனுமதி வந்ததா, விரிவான பொறியியல் வடிவமைப்பு முடிந்ததா, வங்கிகள் கடனுக்குக் கையெழுத்துப் போட்டனவா. இதில் கடைசியானது வராதவரை மற்றவை எல்லாம் காகிதம். அப்புறம் காலாண்டு அறிக்கையில் இரண்டே எண்களைப் பாருங்கள், கையில் உள்ள ரொக்கமும் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையும். வருமானமே இல்லாத கம்பெனி சம்பளம் கொடுப்பது புதுப் பங்கு அச்சடித்துத்தான், அறிவிப்பு வந்து விலை ஏறியதும் புதுப் பங்கு வெளியிடுகிறார்கள் என்றால் உங்கள் உற்சாகம்தான் அவர்கள் விற்கும் சரக்கு.

ஆஸ்திரேலியாவில் லிங்க் எனர்ஜி என்று ஒன்று இருந்தது. குயின்ஸ்லாந்தின் சின்சில்லாவில் பூமிக்கடியிலேயே நிலக்கரியை எரித்து வாயுவாக்கி, அதிலிருந்து டீசல் எடுத்தும் காட்டினார்கள். பொய்யில்லை, டீசல் வந்தது. ஆனால் வணிக ஆலை வரவில்லை. 2013 கடைசியில் பட்டியலிடுவதை சிங்கப்பூர் சந்தைக்கு மாற்றினார்கள், 2016-இல் கம்பெனி கலைப்புக்குப் போனது, நிலத்துக்கும் நீருக்கும் செய்த கேட்டுக்காக 2018-இல் நீதிமன்றம் 45 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அமெரிக்காவின் ரென்டெக் கதை இன்னும் வேடிக்கை. இயற்கை எரிவாயுவில் ஓடிய ஒரு உர ஆலையை 2006-இல் வாங்கி, நிலக்கரிக்கு மாற்றி, உரத்தோடு டீசலும் எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். டீசல் திட்டம் கிடப்பில் போனது, காசு கொடுத்தது பழைய உரம்தான். அப்புறம் மரத்துகள் எரிபொருள் பக்கம் தாவி, 2017 டிசம்பரில் திவால் மனு.

உங்கள் வட்டத்துக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. பணத்தைப் போட்டவருக்கு எதிர்க் கேள்வி என்பது தன் காசின் மேல் விழும் அடியாகத் தெரியும். விலை இறங்கும்போது "பெரிய கை திட்டமிட்டு அழுத்துகிறது" என்று சொல்ல ஆரம்பித்தார்களா? அப்படியானால் அவர்கள் அறிக்கை படிப்பதை நிறுத்தி நாளாகிவிட்டது.

ஊட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியை: சின்ன கம்பெனி வேண்டாம், ஓடுகிற ஆலை வைத்திருக்கும் சசோலையே வாங்கினால் நிம்மதியாகத் தூங்கலாமா?

ஆலை ஓடும் டீச்சர், தூக்கம் வருமா என்பது வேறு. ஜொகன்னஸ்பர்க் சந்தையில் 2020 தொடக்கத்தில் அந்தப் பங்கு 300 ராண்டுக்குப் பக்கத்தில் இருந்தது, மார்ச்சில் 30-க்கும் கீழே போனது. எண்ணெய் விலைச் சரிவு ஒரு காரணம், அமெரிக்காவில் லேக் சார்ல்ஸ் ரசாயன ஆலைக்குப் போட்ட மதிப்பீடு கிட்டத்தட்ட 900 கோடி டாலரிலிருந்து 1,300 கோடி பக்கம் ஏறி, கடன் கழுத்துவரை வந்தது இன்னொரு காரணம். 2022-இல் மறுபடி 300-ஐத் தாண்டியது. 2025 ஏப்ரலில் 100-க்குக் கீழே. எழுபது வருட அனுபவக் கம்பெனிக்கே இந்த ஆட்டம். பென்ஷன் பணத்தில் இதைத் தொட வேண்டாம் என்பது என் அபிப்ராயம்.

கூடலூர், ஜீப் ஓட்டுநர்: இந்த டீசல் நம் வண்டிக்கு ஒத்துப்போகுமா?

தாராளமாக. கந்தகம் அநேகமாக இல்லை, சீட்டேன் எண், அதாவது எஞ்சினில் டீசல் எவ்வளவு சுலபமாகப் பற்றிக்கொள்கிறது என்பதற்கான அளவு, சாதாரண டீசலைவிட அதிகம். கல்லட்டி ஏற்றத்தில் புகை குறைவாகவே விடும். பங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மஞ்சூர், கல்லூரி மாணவர்: இந்தியாவில் இதே தொழிலில் கம்பெனி உண்டா?

முயன்றார்கள். 2009-இல் ஒடிசாவில் இரண்டு நிலக்கரித் தொகுதிகள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டன, ஒன்று ஜிண்டாலுக்கு, மற்றொன்று டாடா-சசோல் கூட்டுக்கு. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 214 தொகுதிகளை ரத்து செய்தபோது இவையும் போயின. 2024 ஜனவரியில் மத்திய அமைச்சரவை நிலக்கரி வாயுவாக்கத்துக்கு 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஒப்புதல் கொடுத்தது, 2030-க்குள் 10 கோடி டன் இலக்கு. நம் நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 சதவீதம் வரை இருப்பதால் வெளிநாட்டு வாயுவாக்கிகளை அப்படியே கொண்டுவந்து வைக்க முடியாது. அமைச்சர் பேச்சைக் கேட்டு ஏறும் பங்குகளை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

கொடைக்கானல், தங்கும் விடுதி நடத்துபவர்: சுற்றுச்சூழல் எதிர்ப்பு விலையைப் பாதிக்குமா?

விலையைவிட, கடன் கிடைப்பதைப் பாதிக்கும். சசோலின் செக்குண்டா வளாகம் மட்டும் ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விடுகிறது. நார்வே அரசின் ஓய்வூதிய நிதி 2020-இல் சசோலைத் தன் முதலீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கியது. பெரிய கைகள் விலகும்போது சின்ன கம்பெனிக்கு மிஞ்சுவது நம்மைப் போன்ற சில்லறை முதலீட்டாளர்கள்தான், உற்சாகக் கூச்சலும் அதனால்தான் அதிகம்.

கோத்தகிரி, தேயிலை விவசாயி: வாங்கிவிட்டேன் சார், 60 சதவீதம் நஷ்டத்தில் நிற்கிறது. இன்னும் கொஞ்சம் வாங்கி, வாங்கிய விலையின் சராசரியைக் குறைக்கலாமா?

வேண்டாம். சராசரி குறையும், போட்ட பணம் கூடும். கடன் கையெழுத்தாகாத கம்பெனியில் அதைச் செய்யாதீர்கள். விற்றாலும் வைத்திருந்தாலும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்டியாக வேண்டும், நஷ்டத்தில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், அந்தப் பட்டியலுக்குக் கணக்கு நிதியாண்டு இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரை. இரண்டு வருடத்துக்குள் விற்றால் குறுகிய கால நஷ்டம், மற்ற பங்கு லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். எப்போது வாங்கினீர்கள் என்ற தேதியை எடுத்துக்கொண்டு ஆடிட்டரைப் பாருங்கள்.