செஸ் எஞ்சின், அதாவது செஸ் ஆடும் நிரல், எழுதும்போது எதில் அதிகம் உழைக்க வேண்டும்: எத்தனை நகர்வு முன்னே பார்க்கிறது என்ற தேடல் ஆழத்திலா, பலகையின் நிலையை மதிப்பிடுவதிலா?

முதலில் தேடலைச் சரியாக்குங்கள். அதன் பிறகு கிடைக்கும் நேரத்தையெல்லாம் மதிப்பீட்டுக்குக் கொடுங்கள். பொழுதுபோக்காக எஞ்சின் எழுதி வருபவன் என்ற முறையில் என் பதில் இதுதான். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது.

தேடல் எந்த நிலையில் நிற்கிறதோ, அந்த நிலைக்கு மதிப்பீடு ஓர் எண் தருகிறது. கடைசி நகர்வில் ராணி ஒரு சிப்பாயை வெட்டியதோடு தேடல் நின்றுவிட்டால், "ஒரு சிப்பாய் லாபம்" என்றுதான் கணக்கு வரும். அந்தச் சிப்பாய்க்குக் காவல் இருந்ததும், அடுத்த நகர்விலேயே ராணி போகப்போவதும் அதற்குத் தெரியாது. மதிப்பீட்டில் எவ்வளவு நுணுக்கம் சேர்த்தாலும் இது தீராது. நிலை அமைதியாகும்வரை வெட்டுகளை மட்டும் தொடர்ந்து பார்க்கும் அமைதித் தேடலை எழுதினால் அன்றே தீரும். அதோடு, முடிவை மாற்றாத கிளைகளைப் பார்க்காமலே விடும் ஆல்ஃபா-பீட்டா முறையும், நல்ல நகர்வுகளை முதலில் பார்க்கும் வரிசையும் சேர்ந்துவிட்டால், அதே நேரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆழம் போகலாம். கணினி அறிஞர் கென் தாம்சன் தன் பெல் என்ற செஸ் இயந்திரத்தை வெவ்வேறு ஆழங்களில் தன்னோடே மோதவிட்டுப் பார்த்தார். ஒரு ப்ளை, அதாவது ஒரு பக்கத்தின் ஒரு நகர்வு, கூடினால் ஆட்டப் பலத்தைக் குறிக்கும் எலோ புள்ளி சுமார் 200 ஏறியது. ஆழம் போகப்போக அந்த லாபம் குறைந்தது.

அந்த இடத்தில்தான் மதிப்பீடு வேலையைக் காட்டுகிறது. வெள்ளையிடம் ராஜா, h வரிசைச் சிப்பாய், வெள்ளைக் கட்டத்து பிஷப். கறுப்பிடம் ராஜா மட்டும், அதுவும் h8 மூலையில். சிப்பாய் ராணியாக வேண்டிய கட்டமும் h8தான்; அது கறுப்புக் கட்டம் என்பதால் பிஷப்பால் அந்த ராஜாவை அங்கிருந்து விரட்டவே முடியாது, ஆட்டம் டிரா. ஆனால் காய்களை மட்டும் எண்ணும் எஞ்சினுக்கு வெள்ளை நாலு சிப்பாய் மதிப்பு முன்னே. 20 ப்ளை தேடினாலும் அதே நாலுதான் வரும். எதிரிக்கு நகர்வே இல்லாமல் டிராவாகும் ஸ்டேல்மேட் வழிகளைத் தவிர்த்துவிட்டு, பிஷப்பை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டு 'முன்னிலையை' அது காப்பாற்றும். வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் 50 நகர்வு போனால் டிரா என்ற விதியோ 100 ப்ளை தள்ளி இருக்கிறது. இதைவிடப் பெரிய நஷ்டம், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் கடைசி யானையை மாற்றிக்கொண்டு இந்த நிலைக்குள் தானாகவே போய் விழுவது. மதிப்பீட்டில் சில வரிகள் சேர்த்தால் போதும், பத்து நகர்வு முன்பே அது விலகிப் போகும்.

வேகம் மட்டுமே எல்லாம் இல்லை என்பதை 2017 டிசம்பரில், டீப்மைண்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் ஆல்ஃபாஜீரோ நிரல் காட்டியது. அது வினாடிக்கு சுமார் 80,000 நிலைகள் பார்த்தது, அதோடு மோதிய ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின் சுமார் 7 கோடி. 100 ஆட்டங்களில் ஆல்ஃபாஜீரோவுக்கு 28 வெற்றி, மீதி எல்லாம் டிரா. போட்டி நிபந்தனைகளைப் பலர் குறை சொன்னார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் அந்த வேக வித்தியாசத்தை மதிப்பீடு ஈடுகட்டியது என்பதை மறுக்க முடியாது.

எனக்கு இதைவிடவும் பிடித்த சான்று 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12. நிலையை மதிப்பிட என்என்யூஇ என்ற சிறிய நரம்பு வலையை (எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் நிரல் அமைப்பை) சேர்த்ததும் வினாடிக்குப் பார்க்கும் நிலைகள் குறைந்தன, பலமோ ஏறியது. அந்த வலை கற்றுக்கொண்டது எதிலிருந்து? எஞ்சின் தேடிக் கண்டுபிடித்த மதிப்பெண்களிலிருந்து. நேற்று தேடிக் கண்டது இன்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. அதோடு நிற்கவில்லை. தேடலில் எந்தக் கிளையை, அதாவது எந்த நகர்வுத் தொடரை, பாதியிலேயே வெட்டிவிடலாம் என்ற முடிவுகளில் பலவும் மதிப்பீட்டை நம்பித்தான் எடுக்கப்படுகின்றன. மதிப்பீடு நம்பகமானால் துணிந்து வெட்டலாம். வெட்டினால் இன்னும் ஆழம் போகலாம்.

தேடலே வேண்டாமா என்றால், அதையும் டீப்மைண்ட் குழு 2024-ல் முயன்று பார்த்தது. தேடலே இல்லாத வலை, லிசெஸ் என்ற செஸ் இணையதளத்தின் பிளிட்ஸ் (சில நிமிட வேக ஆட்டம்) பிரிவில் மனிதர்களுக்கு எதிராக 2895 எலோ எட்டியது. ஆனால் நன்றாக ஜெயித்துவிட்ட நிலைகளிலும் ஆட்டத்தை முடிக்காமல் அது தடுமாறியது உண்டு.

உங்கள் எஞ்சினில் ஏதாவது மாற்றினால், பழைய பதிப்போடு ஒரே ஆழத்தில் மோதவிடாதீர்கள், ஒரே நேர அளவில் மோதவிடுங்கள். ஒரே ஆழம் என்றால், மதிப்பீட்டில் எதைச் சேர்த்தாலும் அதற்கான நேரச் செலவு கணக்கில் வராமலே போய்விடும். இரண்டு வெவ்வேறு எஞ்சின்கள் திரையில் காட்டும் "ஆழம் 30" என்பதையும் ஒப்பிடாதீர்கள். ஒவ்வொன்றும் கிளைகளை வெட்டுகிற அளவு வேறு, அதனால் அந்த 30 ஒரே 30 அல்ல.