ஹாரி பாட்டர் கதைகளுக்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு, பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுக்கலாமா?

ஹாரி பாட்டர் என்பது மந்திரப் பள்ளியில் படிக்கும் தாய் தகப்பன் இல்லாத ஒரு பையனின் கதை. 1997 முதல் 2007 வரை 7 பாகங்களாக வந்து, உலகம் முழுக்க 50 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. பாகத்துக்குப் பாகம் ஹாரிக்கும் ஒரு வயது கூடுகிறது, வாசிக்கிற பிள்ளையும் அவனோடு சேர்ந்தே வளர்கிறது, பரீட்சையும் சிநேகிதர் சண்டையும் அதற்குத் தெரிந்த உலகம்தானே.

எதிர்ப்பு வந்தது மந்திரத்தால். சூனியத்தைப் பழக்கிவிடும் என்று சில கிறிஸ்தவப் பெற்றோர் பயந்தார்கள். பிள்ளை மேல் உள்ள அக்கறைதான் அது. ஆனால் திருகோணமலையில் வளர்ந்த எங்களைப் பாருங்கள்: கோணேசர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் இராவணன் வாளால் மலையை வெட்டிய கதையை அம்மம்மா சொல்வார், கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் அவன் குத்தியதில் வந்தவை என்று கேட்டுத்தான் வளர்ந்தோம், ஒருவரும் வாளோடு பாறை வெட்டப் போகவில்லை. தாராளமாகக் கொடுங்கள். 4ஆம் பாகத்திலிருந்து சாவும் இருட்டும் கூடும், சின்னப் பிள்ளை என்றால் கூட இருந்து வாசியுங்கள்.

அப்புறம், அமெரிக்க அரசே இதைத் தடை செய்தது என்று பலர் நினைப்பது சரியில்லை: அவை பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் போன முறைப்பாடுகள்தான், ஆர்கன்சா மாநிலத்தில் பெற்றோர் அனுமதி இருந்தால்தான் தருவோம் என்று ஒதுக்கிய பள்ளி நூலகத்தில்கூட அவற்றை மற்றப் புத்தகங்களோடு திரும்ப வைக்கும்படி 2003இல் நீதிமன்றம் உத்தரவிட்டது.